ஐடி வேலையிலிருந்து மொழி டீச்சர் வேலைக்கு, கூடவே மொழியியல் படிப்பு: ஒரு முழுமையான வழிகாட்டி

முப்பதைத் தாண்டினதும் "போதும்டா சாமி இந்த ஸ்டேண்டப் மீட்டிங்கும் டிக்கெட்டும், எனக்குப் பிடிச்சது மொழிதான், அதைச் சொல்லிக்கொடுத்துப் பொழைச்சுக்கறேன், அப்படியே மொழியியலும் படிச்சிடறேன்"னு கெளம்பற ஆளுங்க ஐடியில நெறைய பேர் இருக்காங்க. நானும் அந்தக் கூட்டம்தான். இதுல எல்லாரும் மொதல்ல போட்டுக் குழப்பிக்கிறது ஒண்ணு இருக்கு. மொழி சொல்லிக்கொடுக்கற வேலைக்குத் தகுதி வேற, மொழியியல் படிப்பு வேற. எம்.ஏ. மொழியியல் படிச்சா ஒலியன் (பொருளை மாத்தற ஒலி), உருபன் (சொல்லுக்குள்ள பொருள் தர்ற சின்னத் துண்டு), தொடரியல் (வாக்கியம் அமையற விதம்)னு ஒரு மொழி உள்ள எப்படி ஓடுதுன்னு புரியும், ஆனா எதிர்ல உக்காந்திருக்கற ஆறு பேரை வாயத் தொறந்து பேச வைக்கறது எப்படின்னு அங்க பெருசா வராது. அதே மாதிரி டீச்சிங் சர்டிஃபிகேட் வாங்கினவரு கிளாஸை ஜம்முனு நடத்துவாரு, ஸ்டூடன்ட் "இது ஏன் இப்படி"ன்னு ஒரு கேள்வி கேட்டா "அது அப்படித்தாங்க"ன்னு முடிச்சிடுவாரு.

அதனால என் கணக்கு இதுதான்: மொதல்ல வேலையில இருந்துக்கிட்டே சொல்லிக்கொடுக்க ஆரம்பிங்க, ஸ்டூடன்ட் கேக்கற கேள்விங்க சேரட்டும், அந்தக் கேள்விங்களோட மொழியியலுக்குப் போங்க. வேலைய விட்டுட்டு டிகிரியில சேர்ந்து அதுக்கப்புறம் கிளாஸ் தேடறவங்க பாதியில பணமும் இல்லாம தெம்பும் இல்லாம நிக்கறதைப் பாத்திருக்கேன்.

எந்த மொழி, யாருக்கு

இதை முடிவு பண்ணாம எந்த கோர்ஸுக்கும் ஃபீஸ் கட்டாதீங்க. தமிழ்நாட்டுல இருக்கற ஒருத்தருக்கு நடைமுறையில மூணு வழி இருக்கு.

இங்கிலீஷ்ல கூட்டம் அதிகம். ஆனா செல்ட்டான்னு கேம்பிரிட்ஜ் தர்ற இங்கிலீஷ் டீச்சிங் சர்டிஃபிகேட்டுக்கு உலகம் பூரா மதிப்பு இருக்கு. மொத்தம் 120 மணி நேரம், அதுல 6 மணி நேரம் நெஜமான ஸ்டூடன்ட்ஸுக்கு நீங்க கிளாஸ் எடுக்கணும், பின்னாடி உக்காந்து ட்ரெய்னர் நோட்ஸ் எழுதுவாரு, முடிஞ்சதும் கிழிச்சுத் தொங்க விடுவாரு, அதோட நாலு அசைன்மென்ட். முழுநேரமா பண்ணா நாலஞ்சு வாரம், ஆன்லைன்லயும் பகுதிநேரமாவும் இருக்கு. நீங்க எந்த மொழி சொல்லிக்கொடுக்கப் போறதா இருந்தாலும் இந்த ட்ரெய்னிங் வீண் போகாதுங்கறது என் அபிப்பிராயம். ஆனா வெளிநாட்டு வேலைக்குன்னு மட்டும் யோசிச்சீங்கன்னா, தென் கொரியா மாதிரி சில நாட்டுல இங்கிலீஷ் டீச்சர் விசாவுக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட்னே பாப்பாங்க, அதை மனசுல வெச்சுக்கோங்க.

ஜெர்மன், ஃப்ரெஞ்ச், ஜப்பானீஸ் இதெல்லாம் ரெண்டாவது வழி. இப்போ ஜெர்மனுக்கு நல்ல மவுசு, புருஷன் அங்க இருக்காருன்னா பொண்டாட்டி விசாவுக்கு ஏ1 வேணும் (மொழித் திறமைக்கு ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2ன்னு ஆறு படி, ஏ1தான் அடிப்படை), நர்ஸ் வேலைக்குப் போறவங்களுக்கு பெரும்பாலும் பி2 வரைக்கும் வேணும், அதனால பேட்ச் பேட்ச்சா ஆள் வராங்க. ஆனா ஏ1 சொல்லிக்கொடுக்க ஏ2 முடிச்சா போதும்னு ஒரு நெனைப்பு ஊர்ல ஓடுது பாருங்க, அது வேண்டாம், சி1 எட்டிட்டு வாங்க. ஜெர்மன் சொல்லிக்கொடுக்கற கோயத்தே இன்ஸ்டிட்யூட்டோட டீச்சர் ட்ரெய்னிங்குக்கு டிஎல்எல்னு பேரு, அதைத் தனியாப் பண்ணிக்கலாம். சென்னையில நுங்கம்பாக்கத்துல கோயத்தேயோட மாக்ஸ்முல்லர் பவனும் இருக்கு, ஃப்ரெஞ்சுக்கு அலியான்ஸ் ஃப்ரான்சேஸும் இருக்கு. ஜப்பானீஸுக்கு ஜேஎல்பிடிங்கற மொழித் தகுதிப் பரீட்சை ஜூலை, டிசம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும். இந்த வழியில போறவங்க மொழியைக் கத்துக்கவே சில வருஷம் ஆகும்னு தெரிஞ்சே எறங்கணும்.

மூணாவது தமிழ். நான் போனது இதுல. தாய்மொழிதானே, என்ன பெரிய கஷ்டம்னு தோணும், உள்ள எறங்கினாத்தான் தெரியும். மொத கேள்வியே எந்தத் தமிழ்ங்கறதுதான். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இவ்வளவு தூரம் வெலகி நிக்கற மொழியில "நான் பள்ளிக்குச் செல்கிறேன்"னு ஆரம்பிச்சீங்கன்னா ஸ்டூடன்ட் கோயம்பேடு மார்க்கெட்ல போய் அதைப் பேசிட்டு வந்து அடுத்த கிளாஸுக்கு வரமாட்டாரு. பெங்களூர்ல இருந்து சென்னைக்கு மாத்தலாகி வந்தவர், தமிழ்ப் பொண்ணைக் கட்டிக்கப் போற லக்னோ பையன், இவங்களுக்கெல்லாம் பேச்சுத் தமிழ் மட்டும் போதும், எழுத்து கூட அப்புறம் பாத்துக்கலாம். சங்க இலக்கியம் படிக்கணும்னு வர்ற ஆராய்ச்சி மாணவருக்குக் கதையே வேற. டொரன்டோவுல இருக்கற யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை வந்தா இன்னும் கவனமா இருக்கணும், அந்த வீட்டு அம்மம்மா "ஓம்"னுதான் சொல்வாங்க, "கதைக்கிறது"ன்னுதான் சொல்வாங்க, நீங்க போய் "ஆமா", "பேசறது"ன்னு திருத்தினீங்கன்னா அந்தப் பிள்ளை வீட்டுல பேசற தமிழையே தப்புன்னு சொன்ன மாதிரி ஆயிடும். அப்படிப்பட்ட பிள்ளைங்களுக்கு வீட்டுப் பேச்சை வெச்சுத்தான் கிளாஸ் நடத்தணும், முடியலன்னா ஈழத்து டீச்சர்கிட்ட அனுப்பி விடுங்க.

வேலையில இருந்துக்கிட்டே ஆரம்பிக்கறது

ஆஃபீஸ்லயே ஹிந்திக்காரங்க, தெலுங்குக்காரங்க இருப்பாங்க, லஞ்ச் முடிஞ்சு அரை மணி நேரம் ரெண்டு பேருக்குச் சொல்லிக்கொடுங்க, காசு வாங்காதீங்க, அது உங்க லேப். கொஞ்சம் கை பழகினதும் ஆன்லைன் பிளாட்ஃபார்ம்ல ப்ரொஃபைல் போடலாம். ஐடாக்கி மாதிரி இடத்துல ரெண்டு வகை டீச்சர் உண்டு, கம்யூனிட்டி ட்யூட்டர்னா சர்டிஃபிகேட் வேண்டாம், ப்ரொஃபஷனல் டீச்சர்னா சர்டிஃபிகேட்டோ டீச்சிங் டிகிரியோ கேப்பாங்க. எல்லா பிளாட்ஃபார்மும் கமிஷன் எடுக்கும், சில எடத்துல ட்ரையல் கிளாஸ் காசு மொத்தமும் அவங்களுக்கே போகும், அதனால ரேட் போடறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை வரி விடாம படிங்க.

டைமிங்தான் பெரிய தலைவலி. அமெரிக்க கிழக்குக் கரைப் பிள்ளைங்களுக்கு சனிக்கிழமை காலை 9 மணின்னா நமக்குச் சாயங்காலம் 6.30, அதுவே நவம்பர்ல அவங்க கடிகாரத்தைத் திருப்பி வெச்சதும் 7.30 ஆயிடும், மார்ச்ல திரும்பவும் மாறும். இதை மொதல்லயே பெத்தவங்ககிட்ட பேசி வெச்சுக்கலன்னா ஒரு வாரம் நீங்க காத்துக்கிட்டு இருப்பீங்க, ஒரு வாரம் அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. உங்க வீக்கெண்ட் சாயங்காலம் போச்சுங்கறதை வீட்டுலயும் சொல்லிடுங்க.

ஒரு கிளாஸ் உள்ள என்ன நடக்கணும்

ஐடியில இருந்து வர்றவங்களோட முதல் வியாதி பிபிடி. நாப்பது ஸ்லைடு, வேற்றுமை உருபு டேபிள், கலர் கலரா அம்புக்குறி. அதெல்லாம் வேண்டாம். 45 நிமிஷ கிளாஸ்ல உங்க குரல் 15 நிமிஷத்துக்கு மேல கேக்கக் கூடாது, அவ்வளவுதான் ரூல்.

உதாரணத்துக்கு, தமிழ் சுத்தமாத் தெரியாதவங்களுக்குக் காய்கறி வாங்கறது சொல்லிக்கொடுக்கறோம்னு வைங்க. தக்காளி, வெங்காயம், கத்திரிக்காய் படம் நாலஞ்சு, நெஜக் காயே இருந்தா இன்னும் நல்லது. "எனக்குத் தக்காளி வேணும்", "வெங்காயம் வேணாம்", இந்த ரெண்டை நீங்க மூணு நாலு தடவை சொல்லிக் காட்டறீங்க, அவங்க சொல்றாங்க, அடுத்து ஒருத்தர் கடைக்காரர், ஒருத்தர் வாங்க வந்தவர். கடைக்காரருக்கு மட்டும் தெரியற மாதிரி வெலைச்சீட்டு, வாங்கறவருக்கு மட்டும் தெரியற மாதிரி லிஸ்ட். ஒருத்தர்கிட்ட இருக்கற தகவல் இன்னொருத்தர்கிட்ட இல்லாததால பேசியே ஆகணும், "எவ்வளவு"ங்கற வார்த்தைய நீங்க திணிக்க வேண்டாம், அவங்களே கேப்பாங்க, அப்போ குடுங்க. "எனக்கு"ல ஏன் "கு" வருது, "நான் வேணும்"னு ஏன் சொல்லக்கூடாதுன்னு ஆரம்பிச்சு லெக்சர் எடுத்தீங்கன்னா கடை மூடிடும். ஹிந்திக்காரருக்கு அது வெளக்கவே தேவையில்ல, அவர் மொழியிலயும் "முஜே"ன்னுதான் வரும். இங்கிலீஷ்காரருக்குத்தான் அது இடிக்கும்.

மொழியியல் எங்க உதவுதுன்னு ஒரு இடம்

கொஞ்சம் எழுத்துப் படிக்க ஆரம்பிச்ச ஸ்டூடன்ட் கண்டிப்பா கேக்கற கேள்வி: "கல்"லுல இருக்கற க, "தங்கம்"ல இருக்கற க, "மகன்"ல இருக்கற க மூணும் ஒரே எழுத்து, ஆனா நீங்க மூணு விதமாச் சொல்றீங்களே? ஹிந்தி தெரிஞ்சவரு தன்னோட நோட்டுல அதுக்கு மூணு வேற எழுத்து போட்டு வெச்சிருப்பாரு. தமிழ்க்காரங்க பல பேருக்கு மூணையும் வேற வேறயாச் சொல்றோம்ங்கறதே அந்த நிமிஷம்தான் தெரியவரும், ஏன்னா அந்த விதி நம்ம நாக்குல இருக்கு, மண்டையில இல்ல. மொழியியல்ல இதுக்கு மாற்றொலின்னு பேரு. சொல்லோட மொதல்லயும் "பக்கம்" மாதிரி ரெட்டிச்சு வந்தாலும் வல்லோசை, மெல்லின எழுத்துக்குப் பின்னாடி வந்தா அதிர்வோட வரும், ரெண்டு உயிருக்கு நடுவுல மாட்டினா இளகிடும். ப, ட, தவுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், அதனால ஒரு தடவை புரிஞ்சுட்டா ஸ்டூடன்ட் புதுச் சொல்லைத் தானாவே சரியாப் படிப்பாரு. கூடவே "கோபம்", "குரு", "பஸ்" மாதிரி வெளியில இருந்து வந்த சொல்லுங்க இந்த விதிக்கு அடங்காதுன்னும் அதே மூச்சுல சொல்லிடுங்க, இல்லன்னா அடுத்த கிளாஸ்ல அதை வெச்சே உங்களை மடக்குவாரு.

நாம, நாங்க இன்னொரு தகராறு. லக்னோ ஸ்டூடன்ட் "நாம ஞாயித்துக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போறோம்"னு சொல்லுவாரு, நம்மளையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுட்டாரேன்னு நெனைச்சுக்க வேண்டியதுதான். புனேக்காரர் இந்தத் தப்பை அவ்வளவாப் பண்ண மாட்டாரு, மராத்தியில கேக்கறவரைச் சேத்துக்கறதுக்கு ஒரு சொல், விட்டுடறதுக்கு ஒரு சொல் இருக்கு. எம்.பி. எமனோங்கற மொழியியலாளர் 1956-ல இந்தியாவே ஒரு மொழிப் பரப்புன்னு எழுதினப்போ சொன்னது இந்த மாதிரி விஷயங்களைத்தான், குடும்பம் வேறயா இருந்தாலும் பக்கத்துல பக்கத்துல பல நூறு வருஷம் வாழ்ந்த மொழிங்க ஒண்ணுக்கொண்ணு குணத்தைக் குடுத்து வாங்கியிருக்கு. நம்ம "காபி கீபி"யும் ஹிந்திக்காரங்களோட "சாய் வாய்"யும் அந்த வகைதான். எந்த ஸ்டூடன்ட்டுக்கு எது தானா வரும், எதுல நேரம் செலவழிக்கணும்னு கிளாஸுக்கு முன்னாடியே கணிக்க இது எவ்வளவு உபயோகம்னு சொல்லி மாளாது.

சேர்றதுக்கு முன்னாடி ருசி பாக்கறது

மொழியியல்ங்கறது இலக்கியப் படிப்பு இல்லங்க. கவிதை பிடிக்கும், தமிழ் மேல பாசம், அதனால சேர்றேன்னு வர்றவங்க ரெண்டாவது செமஸ்டர்ல தொடரியல் மர வரைபடம் போடும்போது நொந்துடறாங்க. அதே மரத்தை ஐடிக்காரங்க பார்ஸ் ட்ரீன்னு ஏற்கனவே பாத்திருப்பாங்க, அவங்களுக்கு அது ஜாலி. என்பிடெல்ங்கற ஆன்லைன் பாடத் தளத்துல மொழியியல் அறிமுகப் பாடங்கள் இருக்கு, பாக்கறதுக்குக் காசு இல்ல, சர்டிஃபிகேட் பரீட்சைக்கு மட்டும்தான் ஃபீஸ். ஒண்ணை முழுசா முடிச்சுப் பாருங்க. ஆம்ஸ்டர்டாம்ல உருவான ப்ராட்னு பேச்சொலியைப் படமாக் காட்டற ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல "பல்", "பள்ளி", "பழம்"னு உங்க குரலையே ரெகார்டு பண்ணி ல, ள, ழ மூணுக்கும் படம் எப்படி மாறுதுன்னு பாருங்க, இதைப் பாத்து நேரம் போறது தெரியலன்னா நீங்க சேரலாம். தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு ஒரு அட்வான்டேஜ் உண்டு, தொல்காப்பியத்துல பிறப்பியல்னு ஒரு இயலே நாக்கு எங்க தொடுது, அண்ணம் என்ன பண்ணுதுன்னுதான் பேசுது, அதைப் படிச்சவங்களுக்கு ஒலியியல் அன்னியமாத் தெரியாது.

எங்க படிக்கலாம்

நம்ம பக்கத்துல சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல மொழியியல் உயராய்வு மையம் இருக்கு, திராவிட மொழிகள்ல வேலை பண்ணணும்னா அந்தப் பேர் எல்லாருக்கும் தெரியும். கோவை பாரதியார், தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர் இங்கெல்லாம் மொழியியலுக்குத் துறை உண்டு. சின்னத் துறைங்க, அதனால வெப்சைட்டை நம்பாம போன் போட்டு "இந்த வருஷம் எம்.ஏ. பேட்ச் நடக்குதா, யார் யாரு என்ன பாடம் எடுக்கறாங்க"ன்னு கேளுங்க, நேர்ல போனா இன்னும் உத்தமம். வெளியில போறதா இருந்தா ஹைதராபாத் பல்கலைக்கழகம், டெல்லி பல்கலைக்கழகம், ஜேஎன்யூ, இதுக்கெல்லாம் சியூஇடி பிஜிங்கற பொது நுழைவுத் தேர்வு எழுதணும். பெரும்பாலான இடத்துல எந்த டிகிரி இருந்தாலும் எம்.ஏ. மொழியியல் சேரலாம், பி.இ.காரங்க பயப்பட வேண்டாம், வயசும் தடை இல்ல.

ரெகுலர்ல சேர்ந்தா அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் கேப்பாங்க, ஃபுல் டைம் வேலையோட அது ஒத்து வராது. தொலைதூரக் கல்வின்னா யூஜிசியோட தொலைதூரக் கல்விப் பிரிவான டெப் (DEB) லிஸ்ட்ல அந்தப் பல்கலைக்கழகமும் அந்தக் குறிப்பிட்ட கோர்ஸும் அந்த வருஷத்துக்கு இருக்கான்னு பாத்துட்டுக் கட்டுங்க, ஏஜென்ட் சொல்றதைக் கேட்டுக் கட்டாதீங்க.

பழைய காலேஜ் பேப்பரை இப்பவே எடுத்து வைங்க: டிசி, கன்சாலிடேட்டட் மார்க்ஷீட், கான்வகேஷன் சர்டிஃபிகேட். வேற பல்கலைக்கழகத்துக்கு மாறினா மைக்ரேஷன் சர்டிஃபிகேட்டும் கேப்பாங்க, அதுக்கு அப்ளை பண்ணி கைக்கு வர வாரக்கணக்குல ஆகலாம், அட்மிஷன் கடைசி தேதிக்கு முந்தின வாரம் போய் நின்னா கிளார்க்குக்கு உங்க மேல பரிதாபம்லாம் வராது. இன்னொண்ணு யாரும் சொல்லாதது, மூணு மணி நேரம் பேனா புடிச்சு எழுதணும். பத்து வருஷமா கீபோர்டு தட்டின கை ரெண்டாவது அடிஷனல் ஷீட்டுக்குள்ள மரத்துப் போயிடும், தெனம் ரெண்டு பக்கமாவது எழுதிப் பழகுங்க.

காசும் ராஜினாமாவும்

நோட்டீஸ் பீரியட் பல கம்பெனியில 90 நாள், அட்மிஷன் தேதியில இருந்து பின்னோக்கி எண்ணிப் பேப்பர் போடுங்க. ஒரு வருஷச் செலவு கையில இருக்கணும், ஈஎம்ஐ ஓடிக்கிட்டிருந்தா அதையும் சேத்து. எல்லாரும் மறக்கறது கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸை, நீங்க வெளிய வந்த அன்னைக்கே அப்பா அம்மாவோட கவரும் போயிடும், அவங்க வயசுக்குப் புதுசா பாலிசி எடுத்தா ஏற்கனவே இருக்கற நோய்க்குக் காத்திருப்புக் காலம் போடுவாங்க, அதனால வேலையில இருக்கும்போதே தனியா ஒண்ணு எடுத்து ஓட விட்டுடுங்க. வீட்டுல "நல்ல வேலைய விட்டுட்டு ட்யூஷன் எடுக்கப் போறியா"ன்னு கேப்பாங்க, கேக்கட்டும், மாசாமாசம் கிளாஸ்ல வந்த காசை ஒரு நோட்டுல எழுதி அதைக் காட்டுங்க, வேற எந்தப் பதிலும் எடுபடாது.

படிக்கும்போது

கிளாஸ் எடுக்கறதை முழுசா நிறுத்தாதீங்க, வாரத்துக்கு நாலஞ்சு மணி நேரம் போதும், உங்க டேர்ம் பேப்பருக்குச் சரக்கே அங்கதான் இருக்கு. பிட் கார்டர், செலிங்கர்னு ரெண்டு மொழியியலாளர்கள், அவர் 1967-லயும் இவர் 1972-லயும், கத்துக்கறவங்க பண்ற தப்புக்கு உள்ள ஒரு ஒழுங்கு இருக்குன்னு எழுதினாங்க, அதை வெச்சுப் பாத்தா உங்க ஸ்டூடன்ட்ஸோட ஒரு மாச வாய்ஸ் மெசேஜே அருமையான டேட்டா. அவங்ககிட்ட அனுமதி எழுதி வாங்கிக்கோங்க, பேரை எடுத்துடுங்க. ஃபீல்டு வொர்க்குக்கு வாய்ப்பு வந்தா விடாதீங்க, நீலகிரியில மட்டுமே தோடா, கோத்தா, இருளா, குறும்பான்னு இத்தனை மொழி பேசறாங்க, எமனோ 1930கள்ல போய் உக்காந்தது அந்த மலையிலதான். போனா பேசிக்குடுக்கறவங்க நேரத்துக்குக் கூலி குடுங்க, ஒரு நாள் வேலைய விட்டுட்டு உக்காந்திருப்பாங்க.

முடிச்சதுக்கப்புறம்

ஸ்கூல் டீச்சர் வேலைன்னா எம்.ஏ. மொழியியல் மட்டும் கை குடுக்காது, அந்த மொழிப் பாடத்துல டிகிரியும் பி.எட்.டும் கேப்பாங்க, அரசுப் பள்ளின்னா டெட்ங்கற ஆசிரியர் தகுதித் தேர்வும். காலேஜுன்னா எம்.ஏ.ல 55 சதவீதமும், இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 50, அதோட நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு). நெட்ல மொழியியலுக்குப் பாட எண் 31, மொதல் தாள் 50 கேள்வி 100 மார்க், ரெண்டாவது 100 கேள்வி 200 மார்க், சேத்து மூணு மணி நேரம், நெகட்டிவ் மார்க் கெடயாது, அதனால ஒண்ணையும் காலியா விடாதீங்க. அசிஸ்டன்ட் புரொஃபசர் தகுதிக்கு வயசு வரம்பு இல்ல, ஜேஆர்எஃப்புக்கு (நெட் வழியாக் கெடைக்கற ஆராய்ச்சி உதவித்தொகை) 30, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கும் 5 வருஷம் தளர்வு. ஜேஆர்எஃப் கெடைச்சா மொத ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபாய், அது பிஎச்.டி.க்குப் பெரிய தெம்பு. ஜேஆர்எஃப் இல்லாம கெஸ்ட் லெக்சரரா போறதா இருந்தா சம்பளத்தை மொதல்லயே வாயத் தொறந்து கேட்டுடுங்க, பழைய சம்பளத்தோட ஒப்பிட்டுப் பாத்துராதீங்க.

இன்னொரு பக்கம் மொழித் தொழில்நுட்பம். மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், 1969-ல ஆரம்பிச்சது, அங்க மொழித் தரவு சேகரிக்கற எல்டிசி-ஐஎல் இருக்கு, ஐஐடி மெட்ராஸ்ல இந்திய மொழிகளுக்கு ஏஐ பண்ற ஏஐ4பாரத் இருக்கு. கோடும் எழுதத் தெரியும், உருபனியலும் தெரியும்ங்கற ஆளு கம்மி, உங்க பழைய அனுபவத்துக்கு நேரடி மரியாதை கெடைக்கற ஒரே இடம் இதுதான். மொழி சொல்லிக்கொடுக்கறதுதான் ஆசைன்னா மதுரையில அமெரிக்க மாணவர்களுக்குத் தமிழ் நடத்தற அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ், பாண்டிச்சேரியில பிஐஎல்சிங்கற மொழியியல், பண்பாட்டு நிறுவனம், இவங்க எப்படிப் பாடம் அமைக்கறாங்கன்னு விசாரிச்சுப் பாருங்க. பாடப்பொருளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001-லேர்ந்து போட்டு வெச்சிருக்கறதுல நெறைய இலவசம், ஆனா எழுத்துத் தமிழ்தான் அதிகம், பேச்சுத் தமிழுக்கு நீங்களேதான் தயார் பண்ணிக்கணும்.

நெட்டுக்குக் கடைசி வருஷத்துல இருக்கும்போதே அப்ளை பண்ணலாம், பாஸ் பண்ணினா ரெசல்ட் வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள எம்.ஏ.வை முடிச்சுக் காட்டணும். ஜூன், டிசம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு வாய்ப்பு, மூணாவது செமஸ்டர்ல வர்ற டிசம்பர் பரீட்சையை ஒரு ஒத்திகையா எழுதிப் பாத்துடுங்க, மொதல் தாள்ல வர்ற டேட்டா கேள்வியெல்லாம் ஐடிக்காரங்களுக்குத் தண்ணி பட்ட பாடு, ரெண்டாவது தாளுக்கு மட்டும் ராத்திரி கண் முழிச்சாப் போதும்.